வெளியூரில் இருந்தபடி வாடகை வீட்டை நடத்த: நம்பகமான ஆளைப் பிடிப்பது எப்படி?

வாடகையும் அட்வான்ஸும் யார் வங்கிக் கணக்குக்குப் போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆளைத் தேடுவது அதற்குப் பிறகுதான். வீடு கோவையிலோ தாம்பரத்திலோ திருச்சியிலோ இருக்க, நீங்கள் பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்த்தால், "நல்ல ஆளா பார்த்து விட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல ஆள் வேண்டியதுதான். ஆனால் பணமும் ஒருவர் கை வழியாகவே வந்து, வீட்டைப் பற்றிய சேதியும் அதே ஒருவர் வாய் வழியாகவே வந்தால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் கணக்கு குழம்பிவிடும். அவர் வீட்டில் ஒரு கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வரும். "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்று உங்கள் வாடகையில் கை வைப்பார். அடுத்த மாதம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு பொய் சொல்வார். பெரும்பாலான மோசங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. அதற்கு வழியே இல்லாதபடி ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஆளை உள்ளே அழைத்தால், அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து நான்கைந்து வரை வாடகை வீடு வைத்திருந்து, ஊரில் இல்லாதவர்களுக்கான வழிமுறை இது.

வீட்டுக்கு ஒரு ஃபைல்

ஆளைப் பார்க்கும் முன் ஒரு முழு நாள் வீட்டில் இருந்து இதை முடித்துவிடுங்கள். மின் இணைப்பின் சர்வீஸ் நம்பர், சொத்து வரி மதிப்பீட்டு எண், சென்னை என்றால் குடிநீர் வாரியக் கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் பதிவாகியிருக்கும் செல்போன் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பழைய வீடுகளில் கட்டிக்கொடுத்த மேஸ்திரியின் எண்ணோ, எப்போதோ குடியிருந்தவரின் எண்ணோ அப்படியே கிடக்கும். மின்வாரியத்தில் உங்கள் எண்ணைப் பதிவு செய்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்த உடனே எஸ்எம்எஸ் உங்களுக்கு வரும். இது எதற்கு உதவும் என்பது பின்னால் வருகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிற ஆளின், அதாவது மேனேஜரின், எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து வீட்டின் உள்விவரம். மோட்டார் எத்தனை எச்பி, எந்தக் கம்பெனி, சம்ப் எத்தனை லிட்டர், தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் கேட் வால்வு எங்கே, செப்டிக் டேங்க் மூடி எங்கே, கடைசியாக லாரி எப்போது வந்து எடுத்தது. மூடிக்கு மேல் டைல்ஸ் போட்டு மறைத்த வீடுகள் நிறைய உண்டு. கழிவுநீர் திரும்பி வருகிற ராத்திரியில், மூடி எங்கே என்று தெரியாமல் நான்கு இடத்தில் தரையை உடைப்பார்கள். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

பிறகு வீடியோ. அறை அறையாக, சுவரின் நான்கு மூலை, சீலிங், கப்போர்டின் உள்பக்கம், சிங்க்கின் அடிப்பகுதி, ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, ஒவ்வொரு ஸ்விட்சையும் போட்டு அணைத்து, 20 நிமிடமாவது எடுங்கள். தொடக்கத்தில் அன்றைய தேதியை வாயால் சொல்லுங்கள். குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில் இதுதான் உங்கள் சாட்சி.

யாரை வைக்கலாம்

நான்கு வகை ஆட்கள் கிடைப்பார்கள். புரோக்கர், வாட்ச்மேன், அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்றவர் அல்லது உறவினர், வீட்டு நிர்வாகத்தையே தொழிலாக நடத்தும் நிறுவனம்.

புரோக்கருக்கு வருமானம் ஆள் மாறும்போதுதான். சென்னையில் பெரும்பாலும் ஒரு மாத வாடகையை ஒட்டி கமிஷன் வாங்குகிறார்கள். குடித்தனக்காரர் ஐந்து வருடம் நிம்மதியாக இருந்தால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. அதனால் ஆள் பிடித்துத் தரும் வேலையோடு அவரை நிறுத்திக்கொள்ளுங்கள், பராமரிப்பு அவர் கையில் வேண்டாம். வாட்ச்மேனுக்குக் கண்ணும் காதும் உண்டு, ஆனால் பில் சரிபார்ப்பதும் எழுத்து வேலையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, ஏதாவது என்றால் உங்களுக்கு நேராக போன் செய்யச் சொல்லுங்கள். மேனேஜருக்குத் தெரியாத இரண்டாவது காது அது.

ஒன்றிரண்டு வீட்டுக்கு மிகப் பொருத்தம், அதே பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் அல்லது வங்கி ஊழியர். நேரம் இருக்கும், அலுவலகங்களில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும், ரசீது வாங்கும் பழக்கம் ஊறியிருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் என்பது மட்டும்தான் கேள்வி. உறவினர் என்றால் ஒரு சங்கடம் உண்டு. சம்பளம் வாங்க மாட்டார், அதனால் கணக்கும் கேட்க முடியாது. சித்தப்பாவே ஆனாலும் மாதத் தொகை ஒன்றைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

நிறுவனங்கள் வழக்கமாக வாடகையில் 5 முதல் 10 சதவீதம் கேட்கின்றன. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் என்றால் அதற்கு மேல் 18 சதவீத வரி உண்டு. 12,000 ரூபாய் வாடகைக்கு 5 சதவீதம் என்றால் 600 ரூபாய். அந்தத் தொகைக்கு யாரும் இரண்டு முறை வண்டி எடுத்து வரமாட்டார்கள், ரிப்பேர் பில்லில்தான் ஈடுகட்டுவார்கள். குறைந்த வாடகை வீட்டுக்குச் சதவீதம் பேசாமல், நேரில் வரும் நடைக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது. வருமான வரிக் கணக்குக்கும் ஒரு சேதி: வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. மேனேஜர் சம்பளம், ரிப்பேர் எல்லாம் அதற்குள் அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது.

எங்கே விசாரிப்பது

நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஆளிடம் வீட்டை ஒப்படைத்திருக்கும் ஓனர்களிடம் விசாரிப்பதில் பாதிப் பயன்தான். அவர்களும் உங்களைப் போல வெளியூரில் இருப்பவர்கள், அவர் சொன்னதைத்தான் அவர்களும் அறிவார்கள். அவர் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். "குழாய் ஒழுகினா எத்தனை நாள்ல ஆள் வருது? வாடகை யார் கணக்குல போடுறீங்க? ஓனர் பேர் தெரியுமா?" இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவதுக்கு "தெரியாதுங்க, எல்லாம் அவர்தான்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, பக்கத்து ஹார்டுவேர்ஸ் கடை. பகுதியின் எலெக்ட்ரீசியனும் பிளம்பரும் வந்து போகும் இடம் அது. யார் கூலியை அன்றே கொடுக்கிறார், யார் மூன்று மாதம் இழுக்கிறார், யார் "பில்லைக் கூடுதலாப் போட்டுக் குடுப்பா" என்று கேட்கிறார் என்பது அந்தக் கல்லாவில் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "இந்த ஏரியாவுல வெளியூர்க்காரங்க வீட்டை ஒழுங்கா பார்த்துக்கிறவங்க யாருண்ணே?" என்று பொதுவாகக் கேளுங்கள். இரண்டு கடையில் ஒரே பெயர் வந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் பொருளாளரைக் கேளுங்கள். மெயின்டனன்ஸ் தொகை எந்தெந்த வீட்டுக்கு யார் மூலம் தேதி தவறாமல் வருகிறது என்பது அவர் கணக்கில் இருக்கும்.

நேரில் பேசும்போது

எத்தனை வீடு பார்க்கிறார், வீட்டுக்கும் அவர் இருப்பிடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர், அவர் ஊருக்குப் போனால் யார் என்பதெல்லாம் சாதாரணக் கேள்விகள். இவற்றோடு வேலை தெரிந்தவரா என்று காட்டும் ஒரு கேள்வியையும் கேளுங்கள். "மோட்டார் ஓடுது, ஆனா டேங்க்ல தண்ணி ஏறலைன்னு குடித்தனக்காரர் போன் பண்றார். என்ன பண்ணுவீங்க?"

தெரிந்தவர் முதலில் சொல்வது, "மோட்டாரை உடனே ஆஃப் பண்ணச் சொல்வேன்" என்பதுதான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் போய்விடும். பிறகு சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். இருந்தால், மேலே வைத்த மோனோபிளாக் மோட்டாரில், சம்ப்புக்குள் இறங்கும் குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு பிடிக்காமல் தண்ணீர் கீழே இறங்கிக் காற்று பிடித்திருக்கும், தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்பார். ஃபுட் வால்வு மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. அதே கோளாறைத்தான் "மோட்டார் காயில் போயிடுச்சு, ரீவைண்டிங் பண்ணணும்" என்று சில ஆயிரத்துக்கு மாற்றுவார்கள். "ஆளை அனுப்பிடுவேன் சார், கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்பவர், பின்னால் பிளம்பர் கேட்டதையெல்லாம் உங்களிடம் அப்படியே கேட்பார்.

பிடித்திருந்தால் உடனே வீட்டை ஒப்படைக்காமல் ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, ஒழுகும் இரண்டு குழாயை மாற்றும் வேலை போதும். எப்போது முடித்தார், பில் கடையின் அச்சுப் பில்லா துண்டுச்சீட்டா, மீதிச் சில்லறையைக் கணக்கில் காட்டினாரா என்று பாருங்கள். இதில் சொதப்புபவர் பெரிய வேலையில் ஒழுங்காக இருந்து பார்த்ததில்லை.

லீஸ் மோசடி: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

சென்னையிலும் பெங்களூரிலும் வெளியூர் ஓனர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். ஒரு ஆளோ நிறுவனமோ வந்து, "வீடு காலியா இருந்தாலும் சரி, மாசம் 18,000 உங்க கணக்குல வந்துடும், குடித்தனக்காரரைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்" என்பார்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும். அவர்கள் அந்த வீட்டைக் குடித்தனக்காரருக்கு மாத வாடகைக்கு விடுவதில்லை. லீஸ், அதாவது போக்கியத்துக்கு, காலி செய்யும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி 9 லட்சம் ரூபாய் மொத்தமாக வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். அந்த 9 லட்சத்திலிருந்தே உங்களுக்கு 50 மாதம் 18,000 போட முடியும். உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வராது. இதையே பல வீடுகளில் செய்து, புதிய லீஸ் பணத்தில் பழைய வீடுகளுக்கு வாடகை போட்டு உருட்டுவார்கள். ஒரு மாதம் வாடகை நிற்கும், போன் எடுக்க மாட்டார்கள். நீங்கள் ஊருக்கு ஓடி வந்து கதவைத் தட்டினால், உள்ளே ஒரு குடும்பம். "சார், நாங்க நகையை வித்து ஒன்பது லட்சம் குடுத்திருக்கோம். அதைக் குடுங்க, நாளைக்கே காலி பண்றோம்." அவர்களும் ஏமாந்தவர்கள்தான். வழக்கு வருடக்கணக்கில் போகும்.

இதைத் தடுக்க மூன்று காரியம். வாடகை ஒப்பந்தத்தில் ஓனராக நீங்களே, குடியிருக்கப் போகிறவரோடு நேராகக் கையெழுத்துப் போடுங்கள், இடையில் யாரும் வேண்டாம். கையெழுத்துக்கு முன் அவரோடு வீடியோ காலில் பத்து நிமிடம் பேசி, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். அட்வான்ஸ் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வர வேண்டும், அனுப்பியவர் பெயர் ஒப்பந்தத்தில் உள்ள பெயராக இருக்க வேண்டும். காலி வீட்டுக்கும் வாடகை தருவதாகச் சொல்லும் எவரிடமும் வீட்டைக் கொடுக்காதீர்கள். அந்த வாடகைக்கு அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், தெளிவான பதில் வராது.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். இணையதளத்திலேயே பதிவு செய்து எண் வாங்கலாம். 11 மாதம் போட்டால் பதிவே தேவையில்லை என்பது பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழைய நம்பிக்கை. இந்தச் சட்டத்தின் பதிவுக்கு அது பொருந்தாது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.

ஓனருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரையும் இந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசிய ரிப்பேர், அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் ஓனர் சார்பில் செய்யும் வேலைகள். வாடகை ஒப்பந்தத்திலும் பதிவுப் படிவத்திலும் அவர் பெயரைக் காட்டிவிடுங்கள். வீட்டுக்குள் போக 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. "ஃபியூஸைப் புடுங்கிட்டா தானா காலி பண்ணிடுவான் சார்" என்று பேசும் மேனேஜர் உங்களைத்தான் வழக்கில் மாட்டிவிடுவார்.

குடித்தனக்காரரின் ஆதார், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, சொந்த ஊர் முகவரி மூன்றையும் வாங்கி, விவரப் படிவத்தை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான நகலை மேனேஜர் உங்களுக்கு அனுப்ப வேண்டும். ஆதாரில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போட்டோவும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.

நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கில் இருந்தால், வாடகை தருபவர் 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், அதாவது 31.2 சதவீதம் வரி பிடித்துச் செலுத்த வேண்டும். வாடகை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) வர வேண்டும். குடித்தனக்காரர் பலருக்கு இது தெரியாது, சொன்னதும் பின்வாங்குவார்கள். வீடு பார்க்க வரும்போதே மேனேஜர் சொல்லிவிட வேண்டும்.

மேனேஜரோடு எழுதும் ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும். சொல்லாமலே செய்யக்கூடிய செலவு 2,000 ரூபாய் வரை. அதற்கு மேல் 10,000 வரை வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பி உங்கள் "சரி" வாங்க வேண்டும். 10,000-ஐத் தாண்டினால் இரண்டு இடத்தில் கொட்டேஷன். தீப்பொறி, கேஸ் வாடை, பைப் வெடிப்பு போன்றவற்றுக்கு வரம்பு இல்லை, செய்துவிட்டுச் சொல்லலாம். இந்த விலக்கை எழுதாவிட்டால், ராத்திரி பைப் வெடித்து வீடு முழுக்கத் தண்ணீர் ஓடும்போது அவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பார்.

வீட்டை வேறு யாருக்கும் உள்வாடகைக்கோ லீஸுக்கோ நாள் வாடகைக்கோ விடக் கூடாது, அட்வான்ஸ் வாங்கக் கூடாது, கடைக்காரரிடமோ வேலையாட்களிடமோ கமிஷன் வாங்கினால் சொல்லிவிட வேண்டும், 30 நாள் நோட்டீஸில் இருவரும் விலகலாம், விலகும்போது சாவி, பில், ரசீது எல்லாம் 7 நாளில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதுங்கள். குடித்தனம் இருக்கும்போது மேனேஜர் கையில் வீட்டுச் சாவி தேவையில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் அது பயம்தான்.

பவர் பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்கு விடுவதற்குப் பொது அதிகாரப் பத்திரம் வேண்டவே வேண்டாம். மின்வாரியம், மாநகராட்சி, வாடகை அதிகாரி முன் உங்கள் சார்பில் ஆஜராக மட்டும் குறிப்பிட்ட அதிகாரம் கொடுங்கள். விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய அதிகாரம் இல்லை என்று தனி வரியாகவே எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து கையெழுத்துப் போடுபவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். மூலப் பத்திரம் எந்தக் காரணத்துக்காகவும் மேனேஜரிடம் போகக் கூடாது. வரி கட்ட, பெயர் மாற்ற என்று எதற்குக் கேட்டாலும் நகலே போதும்.

ரிப்பேர் பில்

10,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்து, பில்லுக்குப் பில் நிரப்பிவிடும் முறைதான் ஓனருக்கும் மேனேஜருக்கும் உறுத்தல் இல்லாதது. தன் கைக்காசைப் போட்டுச் செய்துவிட்டு உங்களிடம் காத்திருக்கும் மேனேஜர் அடுத்த முறை தள்ளிப்போடுவார்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று படம். கோளாறு, வேலை நடக்கும்போது, முடிந்த பின். மூன்றிலும் சுவரோ ஜன்னலோ தெரிய வேண்டும், வெறும் குழாயை மட்டும் எடுத்தால் அது எந்த வீட்டுக் குழாய் என்று யாருக்குத் தெரியும்? கழற்றிய பழைய சாமானை வீசாமல் மாடியில் ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தச் சாக்கைக் கொட்டிப் பாருங்கள். மூன்று ஃபுட் வால்வுக்குப் பில் வந்து சாக்கில் ஒன்றுதான் இருந்தால், அதைப் பற்றி அவரிடமே நிதானமாகக் கேளுங்கள். சாக்கு இருக்கிறது என்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

வெளியூரிலிருந்தே பார்க்க முடிந்தவை

வீடு காலியாக இருப்பதாக மேனேஜர் சொல்கிறார். மின்வாரிய எஸ்எம்எஸ் வருகிறது, தொகை பூஜ்யம். சரி, பூட்டித்தான் கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 90 யூனிட் ஓடினாலும் பில் பூஜ்யம்தான். தொகையைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். பூட்டிய வீட்டில் ரீடிங் கிட்டத்தட்ட நகரக் கூடாது. 70, 80 யூனிட் ஓடியிருந்தால் இரண்டு ஃபேனும் சில லைட்டும் தினமும் ஓடுகின்றன, யாரோ தங்குகிறார்கள். தனி வீட்டில் மோட்டாரும் அதே மீட்டரில் இருந்தால் கொஞ்சம் கூடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை ஏழு மணிக்கு மேனேஜருக்கு வீடியோ கால் செய்து, வீட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதும் விழுந்திருக்கக் கூடாது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலேயே கட்டினால் சென்னை மாநகராட்சியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு. நீங்களே ஆன்லைனில் கட்டுங்கள்.

மேனேஜர் நேரில் போக வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதில் செப்டம்பர் மாத நடைதான் முக்கியம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் மொட்டை மாடி ஓட்டைகளில் அடைந்திருக்கும் இலை, பாலிதீன் எடுத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சன்ஷேடு விரிசல், மழைநீர் சேகரிப்புக் குழியின் ஜல்லி அடைப்பு, சம்ப் மூடியின் இடைவெளி, மீட்டர் பெட்டி தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் போலத் தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டுச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். மோட்டாரும் ஸ்விட்சும் அந்தக் கோட்டுக்கு மேலே ஏற வேண்டும்.

காலி செய்யும் நாள்

அட்வான்ஸில் தகராறு வரும் நாள் இது. மேனேஜர், குடித்தனக்காரர் இருவரும் வீட்டில் நிற்க, நீங்கள் வீடியோ காலில் இருந்து பழைய வீடியோவோடு அறை அறையாக ஒப்பிடுங்கள். மின் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, அன்று வரைக்கான தொகையைக் கணக்கிடுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது பல ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் பிடியுங்கள். ஆணி ஓட்டையும் வெயிலில் வெளுத்த சுவரும் குடியிருந்ததால் வருபவை, சேதம் ஆகாது. மீதியை உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு நீங்களே அனுப்புங்கள். சட்டப்படி ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். மேனேஜர் வழியாகப் போனால், உங்களிடம் 20,000 பிடித்ததாகச் சொல்லி குடித்தனக்காரரிடம் 35,000 பிடித்ததாகச் சொல்வதற்கு இடம் உண்டாகும்.

ஆளை மாற்ற வேண்டி வந்தால்

வரிசை முக்கியம். முதலில் குடித்தனக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இன்ன தேதியிலிருந்து இவர் எங்கள் சார்பில் இல்லை, எந்தப் பணமும் இவரிடம் தர வேண்டாம். அவர் பார்த்துவிட்டதாகப் பதில் வாங்கிய பிறகு மேனேஜருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். தலைகீழாகச் செய்தால், இடையில் உள்ள இரண்டு நாளில் "ஓனர் அவசரமா கேக்கிறார்" என்று ஒரு மாத வாடகை போய்விடும். பவர் கொடுத்திருந்தால், அதைப் பதிவு செய்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவு செய்து, நகலைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். போனில் "உன் பவரை ரத்து பண்ணிட்டேன்" என்று சொன்னதற்கு எந்த மதிப்பும் இல்லை.

வீடு அப்போது காலியாக இருந்தால், சாவி திரும்ப வந்தாலும் பூட்டை மாற்றிவிடுங்கள். வாட்ச்மேன், சங்கப் பொருளாளர், ஹார்டுவேர்ஸ் கடை மூவரிடமும் புதிய ஆளின் எண்ணைக் கொடுத்து, பழையவர் பெயரில் கடையில் நிற்கும் பாக்கியைக் கேட்டு அன்றே தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதியவர் முதல் நாளே அந்தக் கடையில் கடனாளியாகத்தான் போய் நிற்பார்.